வயசானா அப்படித்தான்!

போன வருஷம் கார்த்திகை மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் அடித்தால் நம் வயதுக்காரர்களுக்கு நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் ஓடும். எடுத்தால் அண்ணி.

"தம்பி, உங்க அண்ணனைக் காணோம். கதவு தெறந்து கெடக்கு. சைக்கிளும் இல்ல."

அண்ணனுக்கு 79 வயது. வீடு திருமுல்லைவாயலில். நான் இருப்பது அம்பத்தூர் வெங்கடாபுரம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷன், மாசிலாமணீஸ்வரர் கோயில் குளக்கரை, சோழம்பேடு ரோடு என்று ஒன்றரை மணி நேரம் சுற்றினேன். ஏரிப் பக்கம் போகும்போது மனசு என்னென்னவோ நினைத்தது, அதை எழுத வேண்டாம்.

ஏழே கால் மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் அண்ணன் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த கம்பெனியின் வாசல் காவலாளி பேசினார். "ஐயா, பெரியவர் ஒருத்தர் இங்க கேட்ல இருக்காரு. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வந்திருக்கேன், டோக்கன் குடுன்னு கேக்கறாரு. சட்டைப் பையில ஒரு சீட்டுல உங்க நம்பர் இருந்துச்சு."

போய்ப் பார்த்தேன். காவலாளி தன் ஸ்டூலில் அண்ணனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார். நல்ல மனிதர், அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். அண்ணன் என்னைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: "லேட்டாயிடுச்சுடா. ஃபோர்மேன் திட்டுவான்."

அவர் ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆகிறது. அந்த இருட்டில், லாரிகள் ஓடும் சி.டி.எச். ரோட்டில் சைக்கிள் மிதித்துச் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். வழி தப்பவில்லை. வருஷம்தான் தப்பிவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, செய்த தப்பு உறுத்தியது. மூன்று வருஷத்துக்கு முன்பே அண்ணி என்னிடம் சொல்லியிருந்தார். பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்துவிட்டார், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து "சாப்பாடு ஆச்சா" என்று கேட்கிறார், வங்கியில் செக் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், இப்படி ஒவ்வொன்றாக. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே, "வயசானா அப்படித்தான் அண்ணி. நான்கூட மூக்குக் கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடறேன்" என்றேன்.

ஆறுதல் சொன்னதாக நினைத்தேன். உண்மையில் அண்ணியின் வாயை அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். "வயசானா அப்படித்தான்" என்பதை நாம் எல்லோரும் விட்டொழிக்க வேண்டும். கேட்க இதமாக இருக்கும். ஆனால் அது மூன்று கெடுதல் செய்கிறது. நோயைக் கண்டுபிடிக்க விடாது. நோயாளியைத் திட்டவைக்கும். பார்த்துக்கொள்கிறவரைத் தனியாக விட்டுவிடும்.

நம் நாட்டில் எல்லா மொழியிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் வடக்கத்தி நண்பர்கள், வயதானவர் ஏதாவது ஏறுமாறாகப் பேசினால் "சட்டியா கயா" என்பார்கள். சாட் என்றால் அறுபது. அறுபதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று பொருள். யாழ்ப்பாணத் தமிழர்கள் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். நாம் "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்கிறோம். எதிலும் நோய் என்ற எண்ணமே இல்லை. எல்லாம் வயதின் தலையில்.

வயது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வயதான எல்லோருக்கும் டிமென்ஷியா வருவதில்லை. நம் நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வந்தது. அதன்படி நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமாக, அதாவது 7.4 சதவீதம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். இதைத் திருப்பிப் பாருங்கள். நூற்றில் தொண்ணூற்று இரண்டு பேருக்கு மேல் இல்லை. வயதானால் அப்படித்தான் என்றால் அந்தத் தொண்ணூற்று இரண்டு பேருக்கும் வயதாகவில்லையா?

சாதாரண மறதிக்கும் இதற்கும் வித்தியாசத்தை மருத்துவர் எனக்கு எளிதாகச் சொன்னார். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மறந்தால் அது மறதி. கண்ணாடி எதற்கு என்பது மறந்தால் அது நோய். தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று, குளிக்கும்போது ஞாபகம் வந்தால் கவலை இல்லை. தினமும் நடந்த தெருவில் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியவில்லை, நாற்பது வருஷமாக வைத்த ரசத்துக்குப் புளி கரைக்க மறக்கிறது, பணக் கணக்கு குழம்புகிறது, சுபாவமே மாறுகிறது, இவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மூளையில் என்னதான் நடக்கிறது? எனக்குப் புரிந்ததை எங்கள் எஸ்டேட் பாஷையில் சொல்கிறேன். கம்பெனி ஸ்டோர்ஸ் வாசலில் ஒரு மேஜை இருக்கும். வருகிற சரக்கை எண்ணி, பதிவேட்டில் ஏற்றி, பின் கார்டு போட்டு, எந்த ரேக்குக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்புவது அந்த மேஜையின் வேலை. மூளையில் காதுக்கு நேர் உள்பக்கமாக ஹிப்போகேம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. கடல்குதிரை வடிவம் என்பதால் அந்தப் பெயர். அதுதான் அந்த மேஜை. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் கை வைப்பது அங்கேதான்.

மேஜையில் ஆள் இல்லை என்றால் என்ன ஆகும்? புதுச் சரக்கு வரும், பதிவாகாது. உள்ளே ரேக்கில் இருக்கும் பழைய சரக்கு பத்திரமாக இருக்கும். அதனால்தான் அண்ணனுக்கு 1970-ல் தன் லேத் பக்கத்தில் நின்றவரின் ஊர் தெரிகிறது, இன்று காலை இட்லி தின்றது தெரியவில்லை. "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, அப்புறம் என்ன நோய்?" என்று நம் ஆட்கள் கேட்பது இதனால்தான். பழசு ஞாபகம் இருப்பது நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நாளாவட்டத்தில் நோய் உள்ளே நகர்ந்து ரேக்குகளையும் ஒவ்வொன்றாகக் காலி செய்யும்.

இந்த நோயை முதலில் விவரித்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர். 1901-ல் பிராங்க்ஃபர்ட் நகரில் அகஸ்தே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் அவரிடம் வந்தார். ஞாபக மறதி, குழப்பம், அதோடு கணவர் மேல் காரணமில்லாத சந்தேகம். 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த அல்சைமர், மூளை சுருங்கியிருப்பதையும், செல்களுக்கு வெளியே கட்டிக்கட்டியான படிவுகளையும், செல்களுக்கு உள்ளே முறுக்கிய நூல் மாதிரி சிக்குகளையும் கண்டார். வெளிப் படிவு அமிலாய்டு என்ற புரதம், உள்ளே சிக்கு டௌ என்ற புரதம் என்பது பின்னால் தெரியவந்தது. அல்சைமர் பார்த்த முதல் நோயாளிக்கு 51 வயதுதான் என்பதைக் கவனியுங்கள். வயதானால் அப்படித்தான் என்று அவர் விட்டிருந்தால் நமக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்கிறார்கள். இந்தப் படிவுகள், வெளியே மறதி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருஷத்துக்கு முன்பே சேரத் தொடங்கிவிடுமாம். அப்படியானால் அண்ணனுக்கு நாங்கள் ரோஜா மாலை போட்டு, கைக்கடிகாரம் பரிசளித்து, கம்பெனி வாசலிலிருந்து காரில் அழைத்துவந்த நாளிலேயே உள்ளே வேலை ஆரம்பித்திருக்கலாம். அந்தப் போட்டோவை இப்போது பார்க்கவே முடியவில்லை.

எல்லா மூளைக் குழப்பமும் அல்சைமர் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கொரட்டூரில் எனக்கு ஒரு நண்பர், காலை நடையில் கூட வருபவர். போன வருஷம் குளியலறையில் லேசாக வழுக்கித் தலை இடித்துக்கொண்டார். வீங்கவில்லை, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்துப் பேச்சு தடுமாறியது, பகலெல்லாம் தூங்கினார், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வீட்டில் "வயசாச்சு" என்றார்கள். மருமகள் மட்டும் பிடிவாதமாக ஸ்கேன் எடுக்கவைத்தார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கசிந்து உறைந்து மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. துளை போட்டு எடுத்தார்கள். இன்று கேரம் போர்டில் என்னைத் தோற்கடிக்கிறார்.

இதுபோலச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவு, மன அழுத்தம், சிறுநீர்த் தொற்று, சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். நம்மில் எத்தனை பேர் அந்த மாத்திரை சாப்பிடுகிறோம்? ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துபோகிற விஷயம்.

அண்ணனுக்கும் பி12 மிகக் குறைவாக இருந்தது. ஊசி போட்ட பிறகு முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது, நடை நிதானப்பட்டது. ஆனால் நோய் அதோடு போகவில்லை. அடியில் அல்சைமர் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பே போயிருந்தால் முழுக்கக் குணமாகியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். டோனெபெசில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் தாங்கு கொடுக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டில் அமிலாய்டைக் கரைக்கும் புது ஊசிகள் வந்திருக்கின்றன. 2023-ல் லெகனெமாப், 2024-ல் டொனனெமாப் என்று அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அவையும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான், அதுவும் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஆரம்பத்தில் தெரிவதுதான் முக்கியம்.

ஆனால் முன்பே தெரிந்திருந்தால் ஒன்று நிச்சயம் நடந்திருக்கும். அண்ணனை நாங்கள் திட்டியிருக்க மாட்டோம்.

அண்ணனின் மோதிரம் ஒரு தடவை காணாமல் போனது. அண்ணிதான் எடுத்து அவர் தம்பிக்குக் கொடுத்துவிட்டார் என்று அண்ணன் தெருவே கேட்கக் கத்தினார். ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்திய பெண்ணைப் பார்த்துத் திருடி என்றார். மோதிரம் அப்புறம் அரிசி டப்பாவில் கிடைத்தது, அவரே ஒளித்து வைத்தது. நான் போய் அண்ணனிடம் சண்டை போட்டேன், "உனக்கு வெக்கமா இல்லையா" என்று. பிராங்க்ஃபர்ட் பெண்மணி தன் கணவரைச் சந்தேகப்பட்ட கதையை அதற்கப்புறம்தான் படித்தேன். பொருளை எங்கே வைத்தோம் என்பது பதிவாகாத மூளை, ஓட்டையை எப்படியாவது அடைக்கப் பார்க்கிறது. நான் வைக்கவில்லை, அப்படியானால் யாரோ எடுத்துவிட்டார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நோயின் பேச்சு அது, அண்ணனின் பேச்சு இல்லை. அதை அண்ணிக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணி அதை அண்ணனின் வார்த்தையாகவே இரண்டு வருஷம் நெஞ்சில் வைத்திருந்தார்.

இன்னொரு தப்பும் செய்தேன். போகும்போதெல்லாம் பரீட்சை வைத்தேன். "நான் யாரு சொல்லு பார்க்கலாம்? இன்னிக்கு என்ன கிழமை? உன் பேத்தி பேரு என்ன?" எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், அன்பாகவே செய்கிறோம். ஒரு நாள் அவர் பதில் சொல்லாமல் வேட்டியின் ஓரத்தைப் பிடித்து மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பாடம் தெரியாமல் நிற்கும் பையன் மாதிரி. அதோடு விட்டேன். கால் ஒடிந்தவரை "எங்கே, ஓடு பார்க்கலாம்" என்று யாராவது கேட்போமா?

"அம்மா எங்கே?" என்று அண்ணன் கேட்பார். எங்கள் அம்மா 1988-ல் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் அப்போதுதான் செய்தி கேட்டவர் மாதிரி அழுவார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்பார். தினமும் ஒருவருக்கு அம்மா சாவது நியாயமா? இப்போது, "அம்மா கையால சாப்பிட்டதுல உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்கிறோம். வாளைக் கருவாட்டுக் குழம்பைப் பற்றி ஆரம்பிப்பார், முகம் மலரும். பொய் சொல்லவில்லை, பேச்சைத் திருப்பினோம். வள்ளுவர்கூட இதைத் தப்பென்று சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

இப்போது அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு 74. மூட்டு வலி, ரத்த அழுத்தம். ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணன் எழுந்து ஷிஃப்டுக்குக் கிளம்புவார் என்று கதவோரம் பாய் போட்டுப் படுக்கிறார். மகன் பெங்களூரில், மகள் பூந்தமல்லியில். மகள் வேலை முடிந்து வாரம் இரண்டு தடவை வந்துபோகிறாள். "வெளியாள் யாரும் வேண்டாம், நம்ம குடும்பமே பார்த்துக்கும், ஹோமில் விடுவது நம்ம பழக்கம் இல்லை" என்று உறவுக்காரர்கள் எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் குடும்பம் என்றால் யார்? எண்ணிப் பார்த்தால் அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். கதவோரம் பாயில் படுத்திருந்தவர்.

நம் ஊர்களுக்கு இது ஏன் அவசரம் என்று சொல்கிறேன். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் வந்தது. ஆவடியில் டாங்கி தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா 1965-ல் வெளியே வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டும் அந்த அறுபதுகளில்தான். பாடி, கொரட்டூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம் முழுக்க இருபது இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்து, கடன் வாங்கி மனை வாங்கி, கிணறு வெட்டி வீடு கட்டியவர்கள். எல்லோரும் ஒன்றாக வந்தோம், ஒன்றாகவே கிழவர்களாகிவிட்டோம். பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் டன்லப், பிரிட்டானியா என்றுதான் பெயர் சொல்லி இறங்குகிறோம். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். மேலே சொன்ன நூற்றுக்கு ஏழு கணக்கை உங்கள் தெருவுக்குப் போட்டுப் பாருங்கள். கதவோரம் பாய் போட்ட வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். வெளியே சொல்ல மாட்டார்கள்.

உதவி இல்லாமல் இல்லை. முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவை நம் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் 1978-லேயே டாக்டர் வ.செ.நடராசன் தொடங்கினார். 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் நமக்குப் பக்கத்தில் அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது. டிமென்ஷியா நோயாளிகளையும் அங்கே பார்க்கிறார்கள். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே ஆட்கள் ஞாபகத்தைப் பற்றியும் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனால் என்ன?

ஆனால் அண்ணிக்கு வேண்டியது இன்னொரு ஸ்கேன் இல்லை. நாலு மணி நேரம். அண்ணனைப் பத்திரமாக விட்டுவிட்டு ரேஷன் கடைக்கோ, பல் டாக்டரிடமோ போய்வர நடக்கிற தூரத்தில் ஒரு இடம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. மூன்றிடமும் பூங்கா கட்டுகிறார்கள், உடற்பயிற்சிக் கூடம் கட்டுகிறார்கள், நல்லதுதான். கல்யாணமில்லாத நாளில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தில் ஒரு அறை, பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள், வழுக்காத தரை, தாழ்ப்பாள் உள்ள கேட், கழிவறை. குழந்தைகளுக்கு அங்கன்வாடி வைத்தோமே, அதுபோல. நம் வரிப்பணத்தில் இதைக் கேட்பதில் தப்பில்லை. குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் தெருவிளக்கோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நமக்கு வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்பீர்கள். முழுக்கத் தடுக்க வழியில்லை. ஆனால் லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரியாகக் கவனித்தால் உலகில் டிமென்ஷியாவில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, நடக்காமல் இருப்பது, தனிமை, காது கேளாமை, கண் மங்கல் எல்லாம் அதில் உண்டு. காது மெஷின் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க. கண்புரையைத் தள்ளிப்போடுகிறவர்களும்.

2013-ல் ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து, இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுகிறவர்களைவிட நாலரை வருஷம் தாமதமாக டிமென்ஷியா வந்ததாகக் கண்டார்கள். பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அப்படித்தானாம். பக்கத்து வீட்டுத் தெலுங்கும் ஃபாக்டரி இந்தியும் வீண் போகவில்லை. ஆனாலும் அண்ணனுக்கு மூன்று மொழி தெரியும், வந்துவிட்டது. அதனால் யாரையும், "நீ ஒழுங்கா இருந்திருந்தா வந்திருக்காது" என்று குற்றம் சொல்லாதீர்கள்.

எனக்கு 73. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வரலாம். புத்தி நன்றாக இருக்கும்போதே உயில் எழுதி இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வங்கிக் கணக்கில் மனைவி பெயரைச் சேர்த்தேன். எல்லா வைப்புநிதிக்கும் நாமினி போட்டேன். 2017 மனநலச் சட்டப்படி, நமக்குச் சிகிச்சை எப்படி வேண்டும், நமக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அதையும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மகனிடம், "நான் உங்க அம்மாவைத் திருடின்னு சொன்னா அது நான் இல்லடா" என்று சொல்லிவைத்தேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. இருந்தாலும் சொன்னது நல்லது.

இப்போது வியாழக்கிழமை மதியம் இரண்டு முதல் ஆறு வரை அண்ணனுக்கு நான் டூட்டி. முதல் வியாழன் அண்ணி எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? திருவேற்காடு கருமாரியம்மனைப் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். எதிர் வீட்டுக்குப் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்கினாராம். ஆறு மணிக்கு வந்து, "நாலு மணி நேரம் யாரும் எழுப்பல தம்பி" என்றார்.

அண்ணனுக்கு என் பழைய வெர்னியர் காலிப்பரையும் டப்பா நிறைய நட்டு போல்ட்டையும் எடுத்துப் போகிறேன். இப்போது அவர் எண்களைச் சரியாக வாசிப்பதில்லை. ஆனால் பிடிப்பதும், துடைத்துவிட்டு அளப்பதும் அப்படியே பழைய மெஷினிஸ்ட் கைதான். கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருப்பதால் அது நெடுநாள் தங்குமாம்.

போன வாரம் அளந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்த செக்‌ஷன் சார்?" என்று கேட்டார்.

"இன்ஸ்பெக்‌ஷன்" என்றேன். நிஜம்தான், பக்கத்துக் கம்பெனியில் அதுதான் என் வேலை.

"நல்ல செக்‌ஷன். கண்ணு நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த போல்ட்டை எடுத்தார்.

உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இப்படி ஒரு வீடு இருந்தால், அறிவுரை வேண்டாம், பழம் பிஸ்கட் வேண்டாம். வாரத்தில் ஒரு மதியம் நாலு மணி நேரம் போய் உட்காருங்கள். யாராவது உங்களிடம், "அவருக்கு மறதி ஜாஸ்தியா இருக்குங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எப்பலேருந்து?" என்று கேளுங்கள். அண்ணியிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.